கடலும் கரண்டும் குடிநீரும்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் சென்னைக்குத் தெற்கே பேரூரில் கட்டப்பட்டு வரும் கடல்நீர் ஆலையைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் நிற்கின்றன. மின்சாரத்தைக் கொண்டு உப்பை நேரடியாக இழுத்துவிட முடியாதா, எதற்கு இவ்வளவு பெரிய பம்புகள் என்று கேட்கிறார்கள். கடல்நீர் ஆலைகளில் மெம்பிரேன், அதாவது உப்பைப் பிரிக்கும் மெல்லிய படலம், இருக்கும் பகுதியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பிறந்து வளர்ந்தது முதுகுளத்தூர் பக்கம். ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மொண்டு குடத்தை நிரப்பிய பெண்களோடு நின்றிருக்கிறேன். ஆகவே இந்த முறை பக்கம் முழுவதையும் இந்தக் கேள்விகளுக்கே கொடுக்கிறேன்.

"உப்பு நீரில் சோடியத்துக்கு பிளஸ், குளோரைடுக்கு மைனஸ் என்று படித்தோம். கடல்நீரில் இரண்டு கம்பிகளை விட்டு பேட்டரியை இணைத்தால் சோடியம் ஒரு பக்கமும் குளோரைடு மறுபக்கமும் ஒதுங்கிவிடாதா? நடுவில் நிற்பது நல்ல தண்ணீர்தானே, மேடம்?"
பதினொன்றாம் வகுப்பு மாணவர், அறந்தாங்கி

தம்பி, உன் யோசனையில் முதல் பாதி சரி. மின்னூட்டம் கொண்ட அந்தத் துகள்கள், அதாவது அயனிகள், நகரத்தான் செய்யும். சிக்கல் அவை கம்பியைத் தொடும் இடத்தில் வருகிறது. நேர்மின் கம்பியில் குளோரைடு எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டு குளோரின் வாயுவாகக் கிளம்பும். எதிர்மின் கம்பியில் தண்ணீரே பிளந்து ஹைட்ரஜன் குமிழியிடும், மிஞ்சுவது காஸ்டிக் சோடா. அந்தக் குளோரினும் காஸ்டிக்கும் கலந்தால் பிளீச்சிங் திரவம். திருச்செந்தூர் பக்கம் சாகுபுரத்தில் உப்பிலிருந்து காஸ்டிக் சோடா எடுக்கிறார்களே, அங்கே நடப்பது இதன் முறையான வடிவம். கடலோர அனல்மின் நிலையங்களிலும் குளிர்விக்கும் குழாய்களில் சிப்பி ஒட்டாமல் இருக்கத் தேவையான குளோரினைக் கடல்நீரிலிருந்தே இப்படி எடுத்துக்கொள்கிறார்கள். குடிநீர் மட்டும் இந்த வழியில் கிடைக்காது. வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். மூடிய அறையில் குளோரின் நுரையீரலைப் புண்ணாக்கிவிடும்.

சரி, உன் யோசனையை வேலை செய்ய வைப்பது எப்படி? இரண்டு கம்பிகளுக்கும் நடுவில் தடுப்புகளைப் போட வேண்டும், அதுவும் ஆள் பார்த்து விடுகிற தடுப்புகள். 1950 வாக்கில் அமெரிக்காவில் வால்டர் ஜூடா, வேய்ன் மெக்ரே என்ற இருவர் அப்படிப்பட்ட தாள்களைச் செய்தார்கள். ஒரு வகைத் தாளின் உடம்பிலேயே எதிர்மின் கொண்ட தொகுதிகள் நகராமல் பொருத்தப்பட்டிருக்கும். சோடியம் அதற்குள் புகுந்து போகும், குளோரைடு போக முடியாது. இன்னொரு வகை இதற்கு நேர்மாறானது. இந்த இரண்டையும் மாற்றி மாற்றி, இடையில் மெல்லிய வலையை வைத்து, நூற்றுக்கணக்கில் அடுக்குவார்கள். மின்தகடுகள் இரண்டு கோடியிலும் ஒவ்வொன்றுதான்.

மின்சாரம் பாயும்போது ஓர் அறையிலிருந்து சோடியம் ஒரு பக்கமும் குளோரைடு எதிர்ப்பக்கமும் வெளியேறும். பக்கத்து அறைக்குள் வந்ததும் இரண்டும் நின்றுவிடும், ஏனென்றால் அடுத்து எதிர்ப்படுவது அவற்றை விடாத தாள். இப்படி ஓர் அறை விட்டு ஓர் அறையில் நல்ல தண்ணீர், மற்ற அறைகளில் கூடுதல் உப்பு. குளோரின் வருவது கோடியிலுள்ள தகட்டில் மட்டும் என்பதால் அந்த அறையைத் தனியாக அலசிக்கொள்ளலாம். இதன் பெயர் எலக்ட்ரோடயாலிசிஸ். குஜராத்தின் பாவ்நகரில் இருக்கும் மத்திய உப்பு மற்றும் கடல் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் இந்தத் தாள்களைச் சொந்தமாகவே உருவாக்கியிருக்கிறது. பள்ளி முடித்து வேதியியல் எடுப்பதாக இருந்தால் அந்த நிறுவனத்தின் பெயரை நினைவில் வைத்துக்கொள்.

"உப்பை மின்சாரமே இழுக்கும் என்றால் மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் ஏன் ஆர்.ஓ. முறையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்? தண்ணீரை அவ்வளவு அழுத்தத்தில் தள்ளுவதற்கு ஆகும் மின் செலவு கடைசியில் மக்கள் தலையில்தானே விழுகிறது?"
ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், தாம்பரம்

ஐயா, இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் கணக்குப் போட்டே பதில் சொல்ல வேண்டும். பொறுமையாகப் படியுங்கள். மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் அடிப்படை இதில்தான் இருக்கிறது.

ஆர்.ஓ. என்பது தண்ணீரை மட்டும் விடும் மெம்பிரேன் வழியே கடல்நீரை அழுத்தித் தள்ளுவது. அதில் நாம் நகர்த்துவது தண்ணீரை. உப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். எலக்ட்ரோடயாலிசிஸில் நகர்வது உப்பு, தண்ணீர் இருந்த இடத்தில் இருக்கும். ஆகவே எலக்ட்ரோடயாலிசிஸில் கரண்ட் பில் உப்பின் அளவைப் பொறுத்து ஏறும். ஒவ்வொரு அயனிக்கும் அதற்குரிய மின்னூட்டத்தைச் செலுத்தியாக வேண்டும், அதில் தள்ளுபடி கிடையாது.

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு. அதை நகர்த்த, ஒவ்வொரு தாள் இணைக்கும் (இரண்டு வகைத் தாளும் சேர்ந்தது ஓர் இணை), சுமார் 16 ஆம்பியர்-மணி மின்னோட்டம் வேண்டும். ஓர் இணைக்கு 0.4 வோல்ட் என்று வைத்துக்கொண்டால் 1,000 லிட்டருக்கு 6 யூனிட்டுக்கு மேல் போய்விடும். தாள்கள் நூறு சதவீதம் ஒழுங்காக நடந்துகொள்வதும் இல்லை, கசிவு இருக்கும். பம்புக்கு ஆகும் மின்சாரமும் தனி. இப்போது ஆர்.ஓ. பக்கம் வாருங்கள். கடல்நீரிலிருந்து நல்ல தண்ணீர் பிரிய மறுத்து எதிர்க்கும் சவ்வூடு அழுத்தம் சுமார் 27 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). அதை எதிர்த்துத் தண்ணீரைப் பிழிந்தெடுக்க 55 முதல் 70 பார் வரை கொடுக்கிறோம். பயங்கரமாகத் தெரிகிறது, ஆனால் வெளியே போகும் உவர்நீரில் அந்த அழுத்தம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். அதைத் திரும்பப் பிடித்து உள்ளே வரும் கடல்நீருக்கு ஏற்றிவிடும் கருவிகள் வந்துவிட்டன. ஆலையின் எல்லாச் செலவும் சேர்த்து இன்று நல்ல ஆலைகளில் 1,000 லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட். ஆகவே கடல்நீர் என்று வந்துவிட்டால் ஆர்.ஓ.தான் ஜெயிக்கிறது. மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் 2010-இலும் நெம்மேலியில் 2013-இலும் நாளுக்கு 10 கோடி லிட்டர் ஆலைகள் வந்தபோதும், 2024-இல் நெம்மேலியில் இன்னொரு 15 கோடி லிட்டர் சேர்ந்தபோதும் இந்த முறையைத் தேர்ந்தது சரியான முடிவு என்பதே என் கருத்து.

மின் செலவு மக்கள் தலையில் விழுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான். 10 கோடி லிட்டருக்கு, 1,000 லிட்டருக்கு மூன்றரை யூனிட் என்று பிடித்தால், நாளுக்கு மூன்றரை லட்சம் யூனிட். ஊர் முழுவதற்கும் என்று பார்த்தால் பெரிய தொகை. வீட்டுக்கு வரும் 20 லிட்டர் கேன் ஒன்றின் அளவில் பார்த்தால் 70 வாட்-மணி, ஒரு பழைய மின்விசிறி ஒரு மணி நேரம் சுழல எடுக்கும் அளவுகூட இல்லை. இரண்டு கணக்கும் உண்மை. நான் கேட்பது இந்த மூன்றரை லட்சம் யூனிட்டில் செய்த தண்ணீரைக் கசியும் குழாயில் விடாதீர்கள் என்பதைத்தான். உற்பத்தி செய்யும் இடத்தில் அரை யூனிட் மிச்சப்படுத்த நாங்கள் உயிரைக் கொடுப்போம். தெருக் குழாயில் அது ஒழுகிப் போவதைப் பார்க்கும்போது வயிறு எரியும்.

இந்த இரண்டு முறைகளும் சந்தித்த ஓர் ஊர் உண்டு. கலிபோர்னியாவில் கோலிங்கா என்று ஒரு எண்ணெய் வயல் ஊர். நிலத்தடி நீர் உப்பு. குடிதண்ணீர் ரயிலில் வந்துகொண்டிருந்தது. 1959-இல் அங்கே எலக்ட்ரோடயாலிசிஸ் ஆலை வைத்தார்கள். ஆறே ஆண்டு கழித்து, 1965-இல், வணிக முறையில் இயங்கிய முதல் ஆர்.ஓ. ஆலையும் அதே ஊரில்தான் வந்தது. அந்த ஆர்.ஓ. மெம்பிரேனைச் செய்தவர்கள் லாஸ் ஏஞ்சலிஸ் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் இருந்த சிட்னி லோப், சீனிவாச சௌரிராஜன் இருவரும். அதற்கு முன்பு செய்த படலங்கள் உப்பை நிறுத்தின, ஆனால் தண்ணீரையும் ஏறக்குறைய நிறுத்தின. இவர்கள் செய்த படலத்தில் மேல்தோல் மட்டும் மிக மெல்லியதாக நெருங்கியிருக்கும், அடியில் உள்ளது நுண்துளைகளோடு தாங்கி நிற்கும். தண்ணீர் பல மடங்கு வேகமாக வந்தது. சௌரிராஜன் இந்தியாவில் பிறந்தவர், பிறகு கனடா தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் நெடுங்காலம் வேலை செய்தார். திருக்கண்ணபுரத்துப் பெருமாளின் பெயர் அவருக்கு. உலகத்தில் இன்று ஓடும் ஒவ்வொரு ஆர்.ஓ. கருவிக்கும் பின்னால் அந்தப் பெயர் இருக்கிறது. நம் பள்ளிப் பாடங்களில் அவரைப் பற்றி ஒரு பக்கமாவது வர வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை.

"சக்தி வாய்ந்த காந்தத்தை வைத்தாலே கடல்நீர் நன்னீராகிவிடும், மின்சாரமே தேவையில்லை என்று ஒரு வீடியோ சுற்றுகிறது. உண்மையா?"
வாசகி, கும்பகோணம்

உண்மை இல்லை. உப்பும் தண்ணீரும் தாமாகவே கலக்கின்றன. பிரிக்க வேண்டுமென்றால் எந்த முறையானாலும் ஒரு குறைந்தபட்ச ஆற்றலைக் கொடுத்தே தீர வேண்டும். கடல்நீரில் பாதியை நன்னீராக எடுப்பதாக இருந்தால் அது 1,000 லிட்டருக்குச் சுமார் 1 யூனிட். எந்தக் கருவியாலும், எந்த மேதையாலும் அதற்குக் கீழே போக முடியாது. சூரிய வெப்பத்திலோ ஆழ்கடல் குளிரிலோ அதைப் பெறலாம். லட்சத்தீவின் கவரத்தியில் 2005 முதல் சென்னை தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தார் மேல்மட்டத்து வெதுவெதுப்பான கடல்நீரை வெற்றிடத்தில் ஆவியாக்கி, ஆழத்திலிருந்து எடுத்த குளிர்ந்த நீரால் அதைத் திரும்பக் குளிர வைத்து, நாளுக்கு 1 லட்சம் லிட்டர் குடிநீர் எடுத்தார்கள். அங்கேயும் பம்புகளுக்கு மின்சாரம் வேண்டியிருக்கிறது. "செலவே இல்லை" என்று யார் சொன்னாலும் பணம் கொடுக்காதீர்கள்.

"வணக்கம் அக்கா. எங்கள் ஊர் கடலிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. போர் தண்ணீர் டி.டி.எஸ். 2,500 காட்டுகிறது. காவிரி கூட்டுக் குடிநீர் வராத நாட்களில் குடத்துக்குக் காசு கொடுத்து வாங்குகிறோம். எங்களுக்கு ஆர்.ஓ. நிலையம் ஒன்று வைத்துக் கொடுத்தார்கள், ஓடவில்லை. நீங்கள் பேசும் இந்த மின்சார முறை எங்களுக்கு ஆகுமா?"
மகளிர் குழு உறுப்பினர், ராமநாதபுரம் மாவட்டம்

தங்கச்சி, ஆகும். உங்கள் ஊர்த் தண்ணீருக்காகவே செய்தது போன்ற முறை இது. தாம்பரத்து ஐயாவுக்குப் போட்ட அதே கணக்கை உங்கள் போருக்குப் போடுகிறேன். டி.டி.எஸ். என்பது ஒரு லிட்டரில் எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்ற அளவு. 2,500 என்றால் லிட்டருக்கு இரண்டரை கிராம் உப்பு. அதில் இரண்டு கிராமை எடுத்தால் 500-க்கு வந்துவிடும், குடிநீர்த் தரநிலையில் ஏற்கத்தக்க அளவு அதுதான். 35 கிராமை நகர்த்த 16 ஆம்பியர்-மணி என்றால் இரண்டு கிராமுக்கு ஒன்றுகூடத் தேவையில்லை. அதே 0.4 வோல்ட் என்றால், உப்பை நகர்த்த மட்டும் 1,000 லிட்டருக்கு அரை யூனிட்டுக்கும் குறைவு. பம்புக்குத் தனியாகக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். கடல்நீரில் தோற்கும் முறை இங்கே முன்னால் வருகிறது.

மின்சாரத்தை விடப் பெரிய லாபம் தண்ணீரில். சிறிய ஆர்.ஓ. நிலையங்கள் பலவற்றில் போரிலிருந்து எடுத்ததில் பாதியோ அதற்கு மேலோ கழிவாகச் சாக்கடைக்குப் போகிறது. நல்ல எலக்ட்ரோடயாலிசிஸ் அமைப்பில் 80 சதவீதத்துக்கு மேல் குடிக்கக் கிடைக்கும். நம் மாவட்டத்தில் நிலத்தடி நீரை அப்படி வீணாக்க நமக்கு உரிமை இல்லை. இன்னொன்று, மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து எவ்வளவு உப்பு எடுப்பது என்று நாமே முடிவு செய்யலாம். எல்லாவற்றையும் உறிஞ்சிவிட்டு அப்புறம் சுண்ணாம்பைச் சேர்க்கிற வேலை வேண்டாம். தாள்களில் படியும் சுண்ணத்துக்கும் வழி உண்டு. குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு முறை பிளஸ், மைனஸ் இரண்டையும் இடம் மாற்றிவிடுவார்கள். படிந்தது கரைந்து வெளியேறும். 1970-களிலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது.

சூரிய மின்சாரத்தோடும் இது நன்றாகப் பொருந்தும். 2015-இல் அமெரிக்க அரசின் யுஎஸ்எய்ட் அமைப்பு நடத்திய உப்புநீக்கப் போட்டியில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யும் (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) நம் நாட்டு ஜெயின் இரிகேஷன் நிறுவனமும் சேர்ந்து செய்த சூரிய எலக்ட்ரோடயாலிசிஸ் முதல் பரிசு பெற்றது. அதே எம்.ஐ.டி. குழு 2024-இல் வெளியிட்ட அமைப்பு எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது. மேகம் வந்தால் மின்னோட்டத்தைக் குறைத்து, வெயில் ஏறினால் கூட்டி, தானே ஓடும். அதனால் பெரிய பேட்டரி தேவையில்லை. நியூ மெக்ஸிகோவில் ஆறு மாதம் ஓட்டிப் பார்த்து நாளுக்கு 5,000 லிட்டர் வரை எடுத்தார்கள். ஆளுக்கு 5 லிட்டர் என்றால் 1,000 பேருக்குக் குடிக்கப் போதும். நம் கிராமங்களின் அளவுக்குப் பொருந்துகிற எண்ணிக்கை அது.

இனி, மறைக்காமல் சொல்ல வேண்டியவை. இந்த முறை தாளுக்குள் புகக்கூடிய, கரைந்த அயனிகளை மட்டுமே எடுக்கும். கிருமிக்கும் பூச்சிமருந்துக்கும் மணல் கலங்கலுக்கும் இது எதுவும் செய்யாது. ஆகவே முன்னால் வடிகட்டியும் பின்னால் புற ஊதா விளக்கோ குளோரினோ கட்டாயம். இரும்பு அதிகம் உள்ள தண்ணீர் என்றால் அதை முதலில் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தாள் பாழாகும். கடையில் போய் வாங்கிவரும் பொருளாகவும் இது நம் ஊரில் இன்னும் ஆகவில்லை. ஆர்.ஓ. மெம்பிரேன் மதுரையில் கிடைக்கும், இந்தத் தாளுக்குச் சொல்லி வைத்துக் காத்திருக்க வேண்டும்.

ஓடாத உங்கள் ஆர்.ஓ. நிலையத்தைப் பற்றி ஒன்று கேட்கிறேன். அது ஏன் நின்றது என்று யாராவது திறந்து பார்த்தார்களா? ஓய்வுக்குப் பிறகு எங்கள் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அப்படி நின்று போன நிலையத்தைப் பார்க்கப் போனேன். முன்வடிகட்டி மாற்றப்படவே இல்லை, மெம்பிரேன் முழுக்கச் செம்மண் நிறத்தில் இரும்பு அப்பியிருந்தது. வைத்துக் கொடுத்தவர்கள் பராமரிப்புக்கு யாரையும் நியமிக்கவில்லை, ஊரில் யாருக்கும் கற்றுக்கொடுக்கவும் இல்லை. சில ஆயிரம் ரூபாய் வடிகட்டிக்காக லட்சக்கணக்கான ரூபாய் இயந்திரம் கெட்டுப் போனது. எனக்கு இன்றும் ஆறாத கோபம் அது. எந்த முறை வந்தாலும் உங்கள் குழுவில் இரண்டு பெண்களுக்கு முறையாகப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பயிற்சி இல்லாமல் வருகிற இயந்திரத்தை வாங்காதீர்கள். அதோடு, மிஞ்சும் உவர்நீரை எங்கே விடுவார்கள் என்பதையும் கேளுங்கள். கண்மாயில் விட ஒருநாளும் சம்மதிக்கக் கூடாது.

"நாங்கள் சூரை மீன் பிடிக்க ஆழ்கடலில் ஒரு மாதத்துக்கு மேல் தங்குகிறோம். பெட்டி அளவில் ஒரு மின்சாரக் கருவி கடல்நீரைக் குடிநீராக்குகிறது என்று படித்தேன். போட்டில் வைக்கலாமா?"
மீனவர், தூத்தூர், கன்னியாகுமரி மாவட்டம்

அண்ணா, நீங்கள் படித்தது 2022-இல் எம்.ஐ.டி.யில் செய்து காட்டிய கருவியாக இருக்க வேண்டும். எடை 10 கிலோவுக்கும் குறைவு. அதில் உயர் அழுத்தப் பம்பும் இல்லை, மாற்ற வேண்டிய வடிகட்டியும் இல்லை. தண்ணீர் ஓடும் குறுகிய வழியின் மேலும் கீழும் மெம்பிரேன் வைத்து மின்புலம் கொடுக்கிறார்கள். உப்போடு கிருமிகளும் மண்துகள்களும்கூட மின்னூட்டம் கொண்டவை என்பதால் அவையும் ஒதுக்கப்படுகின்றன. அதற்குப் பிறகும் மிஞ்சும் உப்பை எலக்ட்ரோடயாலிசிஸ் எடுத்துவிடுகிறது. சிறிய சூரியத் தகட்டிலேயே ஓடும்.

ஆனால் அது மணிக்கு 0.3 லிட்டர்தான் கொடுக்கும். இரவு பகலாக ஓட்டினாலும் நாளுக்கு 7 லிட்டர் சொச்சம். போட்டில் 12 பேர் இருந்து ஆளுக்கு 4 லிட்டர் குடித்தாலே 48 லிட்டர் வேண்டும், சமையல் தனி. லிட்டருக்கு 20 வாட்-மணி எடுக்கிறது, பெரிய ஆலையை விட ஐந்தாறு மடங்கு. ஆகவே மாதக்கணக்கில் தங்கும் போட்டுக்கு டீசல் ஜெனரேட்டரில் ஓடும் சிறிய கடல்நீர் ஆர்.ஓ.தான் பொருத்தம், கப்பல்களில் வைப்பது அதுதான். இந்தப் பெட்டியின் இடம் வேறு. இயந்திரம் நின்று, கரைக்குத் தகவல் போகாமல் மிதக்கும் நாட்களில் இரண்டு மூன்று உயிரைக் காப்பாற்றும். அந்த நிலைமையில் கடல்நீரை ஒரு வாய்கூடக் குடிக்கக் கூடாது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உயிர்காப்பு மிதவைகளோடு இப்படி ஒரு பெட்டியும் விசைப்படகுகளில் வர வேண்டும் என்று மீனவர் சங்கங்கள் இப்போதே கேட்கத் தொடங்கலாம்.

"ஆலையிலிருந்து உப்புத் தண்ணீரைத் திரும்பக் கடலில் விடுகிறார்கள். மீன் ஒதுங்குகிறது என்கிறோம். அதிகாரிகள், கடலே உப்புதானே, என்கிறார்கள். யார் சொல்வது சரி?"
கிழக்குக் கடற்கரைச் சாலைக் குப்பம் ஒன்றிலிருந்து

கடலே உப்புதானே என்பது பதில் ஆகாது. கடல்நீரில் பாதிக்குச் சற்றுக் குறைவாக நன்னீர் எடுத்தால் வெளியே வருவதில் லிட்டருக்கு 60 கிராமுக்கு மேல் உப்பு இருக்கும். அது கடல்நீரை விடக் கனமானது. கலக்காவிட்டால் மேலே வராமல் அடித்தரையோடு படிந்து பரவும். தரையில் வாழும் நண்டு, சிப்பி, மீன்குஞ்சு ஆகியவற்றுக்குத்தான் முதல் அடி. அதனால்தான் குழாயைக் கடலுக்குள் கொண்டுபோய், முனையில் பல வாய்களாகப் பிரித்து, வேகமாகப் பீய்ச்ச வேண்டும் என்பது விதி. அப்படிச் செய்தால் கொஞ்ச தூரத்துக்குள் உப்பு வழக்கமான அளவுக்கு இறங்கிவிடும். உள்ளே எடுக்கும்போது போட்ட குளோரினையும் நீக்கிய பிறகுதான் விட வேண்டும்.

நீங்கள் கேட்க வேண்டியது அளவீட்டை. குழாய் வாயைச் சுற்றி அடித்தரையில் உப்பின் அளவு என்ன, பருவத்துக்குப் பருவம் எப்படி மாறுகிறது, அந்தப் பதிவுகளைத் தமிழில் ஊருக்குக் கொடுங்கள் என்று எழுதிக் கேளுங்கள். எந்த மாதத்தில், எந்த இடத்தில், எந்த மீன் குறைந்தது என்று நீங்களும் குறித்து வையுங்கள். உங்கள் குறிப்பும் அவர்கள் அளவீடும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால்தான் பேச்சு நகரும். ஆலையில் இருந்த எங்களுக்கு வலை போடுபவரின் கண் இருந்ததில்லை.

"அந்தக் கழிவு உவர்நீரை எங்கள் உப்பளத்துக்குத் திருப்பிவிட்டால் சீக்கிரம் உப்பு விளையாதா?"
உப்பளத் தொழிலாளி, தூத்துக்குடி

விளையும். உப்பின் செறிவைக் காட்டும் போமே அளவில் கடல்நீர் 3 டிகிரி சொச்சத்தில் தொடங்கி 25 டிகிரியில் உப்புக் கட்டுகிறது என்பது உங்களுக்குத் தெரியும். ஆலைக் கழிவு ஏறக்குறைய இரட்டிப்பு உப்போடு வருவதால் பாத்தியில் காயும் நாட்கள் குறையும். ஆனால் அளவைப் பாருங்கள். பெரிய ஆலை ஒன்று நாளுக்கு 10 கோடி லிட்டருக்கு மேல் கழிவைத் தள்ளும், மழைக்காலத்திலும் நிற்காது. உப்பளமோ அந்த மாதங்களில் மூடிக் கிடக்கும். சிறிய ஆலைக்குப் பக்கத்தில் உப்பளம் இருந்தால் செய்யலாம். அப்போதும் சுண்ணம் படியாமல் இருக்கச் சேர்க்கும் வேதிப்பொருள் உப்பில் தங்குகிறதா என்று சோதித்த பிறகே உணவு உப்பாக எடுக்க வேண்டும்.

ஜப்பானியர்கள் எலக்ட்ரோடயாலிசிஸைத் தலைகீழாகப் பயன்படுத்துகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது உப்பு நிறைந்த அறையில் சேர்வது. அங்கே மழை அதிகம், வெயிலில் உப்புக் காய்ச்ச முடியாது. ஆகவே 1972 வாக்கில் உப்பளங்களை விட்டுவிட்டு, கடல்நீரை மின்சாரத்தால் செறிவாக்கி, பிறகு கொதிக்க வைத்து உப்பு எடுக்கும் முறைக்கு மாறினார்கள். தூத்துக்குடிக்கு அது தேவைப்படாது. அவர்கள் கரண்டுக்குக் கொடுக்கும் காசை நமக்கு வெயில் இலவசமாகக் கொடுக்கிறது. அந்த வெயிலில் நிற்கிற உங்களுக்குத்தான் கூலி போதவில்லை.

"இங்கே குழாயில் வருவதே கடல்நீரில் செய்த தண்ணீர்தான். சத்து இல்லை, குடிக்காதே என்று ஊரிலிருந்து அம்மா சொல்கிறார்."
வாசகர், ஷார்ஜா

ஆலையிலிருந்து வரும் தண்ணீரை அப்படியே குழாயில் விடுவதில்லை. சுண்ணாம்பும் கார்பன் டை ஆக்சைடும் சேர்த்துக் கால்சியத்தைத் திரும்பக் கொடுத்த பிறகே அனுப்புகிறார்கள், இல்லாவிட்டால் குழாயையே அது அரித்துவிடும். மக்னீசியம் குறைவாக இருக்கும் என்பது உண்மை. அதைக் கீரையிலும் பயறிலும் எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாவிடம் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். மாடித் தொட்டியை ஆண்டுக்கு இரண்டு முறை கழுவச் சொல்லிக் கட்டட மேலாளரை மட்டும் விடாமல் கேளுங்கள்.

"எங்கள் வீடு கடற்கரைக்கு மிக அருகில். கிணறு ஆண்டுக்கு ஆண்டு உப்பாகி வருகிறது. வீட்டில் இருக்கும் ஆர்.ஓ. கருவியில் கிணற்றுத் தண்ணீரை விடலாமா? அவசரத்துக்குக் கடல்நீரை விட்டால்?"
இல்லத்தரசி, பெசன்ட் நகர்

கடல்நீரை விட்டால் ஒரு சொட்டும் வராது. உங்கள் கருவியின் பம்ப் கொடுப்பது 5 முதல் 7 பார். கடல்நீருக்கு 27 பாரைத் தாண்டினால்தான் முதல் சொட்டே வரும். கருவி கெடுவது மட்டும் நிச்சயம்.

கிணற்றுத் தண்ணீருக்கு முதலில் டி.டி.எஸ். பாருங்கள், மே மாதத்தில் ஒரு முறை, மழை முடிந்த பிறகு ஒரு முறை. வீட்டுக் கருவிகள் பெரும்பாலும் 2,000 வரைக்கும் என்று எழுதித்தான் விற்கிறார்கள். அதற்கு மேல் போனால் விடாதீர்கள். கையில் வைத்துப் பார்க்கும் மீட்டர் மொத்த உப்பை மட்டும் காட்டும். நைட்ரேட், இரும்பு, கடினத்தன்மை தெரிய வேண்டுமென்றால் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் செலுத்திச் சோதிக்கலாம். கிணறு உப்பாவதற்குக் காரணம் தெருவில் எல்லோரும் ஆழமாக உறிஞ்சுவது. நல்ல தண்ணீர் குறையக் குறைய அந்த இடத்தைக் கடல் வந்து பிடிக்கிறது. 2003-இல் எல்லா வீடுகளுக்கும் கட்டாயமாக்கிய மழைநீர்த் தொட்டி உங்கள் வீட்டிலும் இருக்கும். அதன் மணலையும் ஜல்லியையும் எடுத்துக் கழுவி எத்தனை ஆண்டாயிற்று என்று பாருங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், செப்டம்பரிலேயே, அதைச் சுத்தம் செய்து மாடிக் குழாயைக் கிணற்றோடு இணைத்துவிடுங்கள். பக்கத்து நாலைந்து வீட்டுக்காரர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஒரு வீடு மட்டும் செய்தால் வித்தியாசம் தெரியாது. ஜனவரியில் மறுபடி டி.டி.எஸ். எடுத்து எனக்கு எழுதுங்கள்.